கடற்கரை வீட்டை ஒதுங்க வைப்பது

ராமநாதபுரம் கடற்கரையில் தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரைக்கும் எந்த வீட்டுப் பரணில் ஏறிப் பார்த்தாலும் சாமான் ஏறக்குறைய ஒன்றுதான். அடி துருவேறிய டிரங்குப் பெட்டி, சவூதியிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ வந்த அட்டைப்பெட்டி, கல்யாணத்துக்கு வந்து பிரிக்காமலே கிடக்கிற மிக்சி, களிம்பு பிடித்த தவலை, எலி கடித்த வலைச்சுருள். "கிடக்கட்டும், எதுக்காவது ஆகும்" என்று ஏற்றியவை. மதுரைப் பக்கம் அப்படி ஏற்றியதை இருபது வருஷம் கழித்து இறக்கித் தூசி தட்டினாலும் பெரும்பாலும் உபயோகமாகும். இங்கே ஐந்தாறு வருஷத்தில் மிக்சி மோட்டார் இறுகிப்போயிருக்கும், டிரங்கின் அடித்தகடு கையோடு வரும், சரிகை கறுத்திருக்கும். ஆகவே இந்தக் கரையில் வீட்டை ஒதுங்க வைக்க இறங்கினால் இடம் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பிரயோஜனமில்லை. வருஷத்துக்கு ஒரு தரம் கையில் எடுத்துத் துடைத்துக் காற்றாட வைக்க எத்தனை சாமானுக்கு அந்த வீட்டில் ஆள் இருக்கிறது என்பதுதான் கணக்கு. அதற்கு மேற்பட்டதை உப்பு தின்றுவிடும்.

ஈரம் எல்லா ஊரிலும் உண்டு. இங்கே ஈரத்தை இழுத்து நிறுத்துவது உப்பு. காற்றோடு வந்து எல்லாப் பரப்பிலும் கண்ணுக்குத் தெரியாமல் படிகிறது. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே நீர்த்துப்போகும். கடலுப்போடு கலந்திருக்கிற மக்னீசியம் குளோரைடு 33 சதவீதத்திலேயே ஈரம் குடிக்க ஆரம்பித்துவிடும். தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கிற பீரோக் கதவும் ராத்திரி முழுக்க நனைந்துதான் நிற்கிறது. அதனால் துடைப்பதில் வரிசை மாறக் கூடாது: நல்ல தண்ணியில் நனைத்துப் பிழிந்த துணி, அடுத்துக் காய்ந்த துணி, அப்புறம் காற்று, எல்லாம் ஆன பிறகே எண்ணெயோ பெயிண்டோ. உப்பின் மேலேயே எண்ணெய் தடவினால் பளபளப்பு ஒரு வாரம் நிற்கும். துரு உள்ளே வளரும். போர்த்தண்ணி உவர்ப்பாக இருக்கிற தெருக்களில் இன்னொரு சங்கடம், துடைக்கிற தண்ணியே உப்பைப் பூசிவிட்டுப் போகும். அழுக்கெடுக்கப் போர்த்தண்ணி போதும். கடைசித் துடைப்புக்கு மட்டும் குடிக்கிற தண்ணி வேண்டும். ஒரு பீரோவுக்கு அரைக் குடம் தாராளம்.

எப்போது செய்வது? பலரும் போகிக்கு முன்னால் பிரித்துப் போடுகிறார்கள். கழித்துக்கட்ட அது நல்ல நாள்தான் (ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் கொளுத்துவதை விட்டுவிட்டால்). ஆனால் உள்ளே எடுத்துவைக்க அது மோசமான நேரம். ஐப்பசி, கார்த்திகை மழை சுவரில் ஏறியது மார்கழிப் பனியில் இறங்கியிருக்காது. அப்போது பெட்டியை மூடினால் ஈரத்தையும் சேர்த்துப் பூட்டுகிறோம். மாசி பிற்பாதியிலிருந்து பங்குனி முடிய, காலை பத்தரைக்கு மேல் மூன்று மணிக்குள், துணியும் காகிதமும் மரமும் நன்றாகக் காய்ந்திருக்கும். மூடி வைக்கிற வேலையை அந்த நேரத்துக்கு ஒதுக்குங்கள். பாரம் தூக்குகிற வேலையை விசைப்படகு வீடுகளில் மீன்பிடித் தடைக்காலத்துக்கு விட்டுவிடலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் ஆண்கள் கரையில் இருப்பார்கள். ஆடியில் கச்சான் காற்று மணலை அள்ளிக் கொட்டும்போது பெட்டி திறப்பது வீண் வேலை.

பரணில் ஏறுமுன் கீழே நின்று அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். காரை உப்பிப் பெயர்ந்து கம்பி தெரிகிறதா, கம்பி போகிற கோட்டிலேயே நீள வெடிப்பு ஓடுகிறதா? உவர்த்தண்ணியும் கடல் மணலும் கலந்து போட்ட கான்கிரீட்டில் இது சகஜம். உள்ளிருக்கிற கம்பி துருவேறிப் பருத்து, மேலிருக்கிற காரையைத் தள்ளிவிடுகிறது. அப்படிப்பட்ட பரணில் ஆள் ஏறக் கூடாது. வெளியே ஏணி போட்டு, கைக்கெட்டுகிற முன்வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக இறக்குங்கள். கொத்தனார் பார்க்கிற வரை திரும்ப எதையும் ஏற்ற வேண்டாம். பித்தளை அண்டா, அம்மி, பழைய இன்வெர்ட்டர் பேட்டரி மாதிரிக் கனமானவை எப்போதுமே தரைக்கு உரியவை.

முதல் நாள் கழிய வேண்டியது அட்டைப்பெட்டி. உள்ளே என்ன இருந்தாலும் சரி, பெட்டி போகட்டும். அட்டை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், அதன் பசைக்குக் கரப்பானும் ராமபாணப் பூச்சியும் வரும். பெட்டி போனதுமே சாமான் பாதியாகக் குறைந்த மாதிரித் தெரியும். வீட்டாருக்கு அந்தத் தைரியம் வேண்டும். போட்டோவிலோ கடிதத்திலோ ஆரம்பித்த வீடு அன்றைக்கு அதோடு நின்றுவிடும், அவற்றைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

முற்றத்தில் நாலு பாய் விரியுங்கள். இருக்க வேண்டியது, பழைய இரும்புக் கடைக்குப் போவது, யாருக்காவது கொடுப்பது என்று மூன்று எல்லாரும் சொல்வதே. நாலாவது பாயில்தான் இந்தப் பக்கத்துக் குடும்ப வீடுகள் திணறுகின்றன. கட்டிக்கொடுத்த அக்காவின் சீர்ப் பாத்திரம், துபாயில் இருக்கிற தம்பியின் சூட்கேஸ், பங்கு பிரிக்காத பாட்டி வீட்டுச் சாமான் எல்லாம் அங்கே வரும். சொந்தக்காரர் வெளியூரில். ஒவ்வொன்றுக்கும் துணி நாடாவில் எண் எழுதிக் கட்டி, எண் தெரிகிற மாதிரிப் படம் எடுத்து, குடும்ப வாட்சப் குழுவில் ஒரே நாளில் போட்டு, முப்பது நாள் கெடு சொல்லுங்கள். "யாருக்கு வேணும்?" என்று கேட்டால் எல்லாருக்கும் வேண்டும். "யாரு எப்ப வந்து எடுத்துக்கிறீங்க?" என்று கேட்டால் பதில் வரும். பித்தளையும் வெண்கலமும் கெடு முடிந்தாலும் எல்லாரும் ஒப்புக்கொள்ளாமல் எடைக்குப் போகக் கூடாது. விளிம்பைத் திருப்பிப் பாருங்கள், புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும். அந்தப் பெயர்க்காரியின் பிள்ளைகளைக் கேட்காமல் விற்றது பத்து வருஷம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் பேச்சாக வெடிக்கும்.

வயசானவர்களை உறவுக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கழிக்கிற யோசனை வேண்டாம். திரும்பி வந்த அன்றிலிருந்து காணாமல் போனதைத்தான் தேடிக்கொண்டிருப்பார்கள். காலையில் ஒரு மணி நேரம், நாற்காலி போட்டு உட்கார வைத்து, இருபது சாமான், அவ்வளவுதான். "இது வேணுமா அப்பத்தா?" என்றால் வேணும் என்றுதான் வரும். "இதை யாருக்குக் குடுக்கலாம்?" என்று கேட்டுப் பாருங்கள், பேர் சொல்லிக் கொடுத்துவிடுவார்.

எதையும் உதறாமல் கழிக்காதீர்கள். தலையணையின் இலவம்பஞ்சுக்குள், சேலை மடிப்பில், மிளகாய் டப்பாவின் அடியில், சாமி படத்தின் பின்னட்டையில், பழைய டைரியில் பணமும் நகையும் இருக்கும். செல்லாத 500, 1000 ரூபாய்த் தாள் கிடைத்தால் அதை மாற்ற வழியில்லை. மொத்தம் 10 தாளுக்கு மேல் கையில் வைத்திருப்பது 2017-ம் வருஷச் சட்டப்படி குற்றமும் ஆகும், ஞாபகத்துக்கு ஒன்றிரண்டு போதும். 2000 ரூபாய்த் தாள் அப்படியில்லை. 2023 மே மாதம் திரும்பப் பெறுவதாக அறிவித்தாலும் அது செல்லாமல் போய்விடவில்லை. ரிசர்வ் வங்கி அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்பிக் கணக்கில் வரவு வைக்க வழி இருக்கிறது.

பீரோ

இரும்பு பீரோ கெடுவது மேலே இல்லை, கீழே நாலு விரல் உயரத்துக்குள். வீடு கழுவுகிற தண்ணி தெறிக்கிற இடம் அது. உள்ளே உள்ளதை எடுத்த பிறகு சாய்த்து அடியைப் பாருங்கள். துரு பொடியாக இருந்தால் காப்பாற்றலாம். ஸ்க்ரூ டிரைவர் முனையால் குத்தினால் தகடு உள்ளே போகிறதென்றால் வெல்டிங் பட்டறைக்குத்தான்.

காப்பாற்றக்கூடியதை 80-ம் நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, 120-ல் ஒரு முறை இழைத்து, ஈரத்துணியால் தூளையும் உப்பையும் எடுத்து, மின்விசிறியில் காயவைத்து, அன்றைக்கே ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கை அடித்துவிட வேண்டும். "இன்னைக்குத் தேய்ப்போம், நாளைக்கு அடிப்போம்" என்று விட்டால் விடிவதற்குள் பளபளத்த தகடு மஞ்சள் பூத்துவிடும். அதன் மேல் அடித்த பிரைமர் ஒரு மழைக்காலத்தில் செதில் செதிலாக உரியும். பிரைமர் ஒரு நாள் காய்ந்த பின் எனாமல் இரண்டு கை. தேய்த்த இடத்தோடு நிறுத்தாமல் சுற்றி இரண்டு விரல் அகலம் தள்ளி அடித்தால்தான் ஓரத்தில் துரு புகாது.

நிறுத்தும்போது நாலு காலுக்கும் கடப்பாக்கல் துண்டு, குறைந்தது இரண்டு அங்குல உயரம். சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி. பவளக்கல்லில் கட்டிய பழைய சுவர் என்றால் ஒரு சாண் தள்ளுங்கள், அந்தக் கல்லே கடலில் பிறந்தது, உப்பை விடவே விடாது. கீலுக்கும் பூட்டுக்கும் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு. தேங்காயெண்ணெய் நாளாவட்டத்தில் பிசினாகித் தூசியைப் பிடித்துக்கொள்ளும். அடித்தட்டில் நனைந்தாலும் கெடாதவை மட்டும் இருக்கட்டும். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அந்த மாதிரி நாளில் வீட்டுக்குள் வருகிற தண்ணி முதலில் தேடிப் போவது பீரோவின் அடித்தட்டை, அதில்தான் பத்திரக் கட்டு இருக்கும்.

காகிதம்

பத்திரத்தை லேமினேஷன் செய்யாதீர்கள். உள்ளே சிக்கிய ஈரம் வெளியே வராது, சூட்டில் பழைய மையும் முத்திரையும் கெடும், திரும்பப் பிரிக்கவும் முடியாது. வங்கியில் கொடுத்தால் முகம் சுளிப்பார்கள். குண்டூசி, ஸ்டேப்பிள், ரப்பர் பேண்டு மூன்றையும் எடுத்துவிடுங்கள். துருவேறிய ஊசியை இழுக்கக் கூடாது, காகிதம் கிழியும். இரண்டு பக்கமும் தலையைக் கட்டிங் பிளேயரால் நறுக்கிவிட்டு மெதுவாக உருவ வேண்டும். கட்ட வெள்ளை நூல் நாடா. நனைந்த தாளை வெயிலில் போடாமல் நிழலில் விசிறிக்கடியில், அச்சில்லாத வெள்ளைத் தாள்களுக்கு நடுவே உலர்த்துங்கள். செய்தித்தாளின் மை ஈரத்தில் ஏறிக்கொள்ளும்.

என்ன வைப்பது? தாய்ப்பத்திரம் தொடங்கி இன்றுவரை உள்ள கிரயம், தானம், பாகப்பிரிவினை எல்லாமும். பட்டா, தீர்வை ரசீதில் பழையது ஒன்றும் புதியது ஒன்றும். மின் இணைப்பு வாங்கிய காலத்து அட்டை. பழைய ரேஷன் கார்டைக் குப்பையில் போட்டுவிட்டு, வாரிசுச் சான்றுக்கு அலைகிறபோது "எங்கப்பாவுக்கு நாங்க அஞ்சு பேர்" என்று காட்ட ஒன்றுமில்லாமல் நிற்பவர்கள் உண்டு. ஒரு குடும்பத்துக்கு ஒரு பழைய கார்டு இருக்கட்டும். படகுப் பதிவுப் புத்தகம், மீனவர் நலவாரிய அட்டை, பாஸ்போர்ட்டில் முடிந்துபோனவை, இவையும் நிற்கும். கட்டிய மின்கட்டண ரசீது, கல்யாணப் பத்திரிகைக் குவியல், மாத்திரை அட்டையோடு வந்த தாள் எல்லாம் போகலாம்.

அசல் பத்திரம் தொலைந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் கிடைக்கும். ஆனால் விற்கும்போது போலீசிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று, நாளிதழில் விளம்பரம் என்று இழுக்கும். ஆகவே இவை எல்லாம் ரப்பர் விளிம்புள்ள ஒரே பெட்டியில், ஒரு ஆள் ஒரு கையில் தூக்குகிற கனத்தில், வாசலுக்கு அருகே நெஞ்சுயரத்தில் இருக்க வேண்டும். புயல் எச்சரிக்கை வந்தால் தேடாமல் எடுக்கலாம். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டதைக் கேட்டு வளர்ந்த ஊர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

சட்டத்தில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட போட்டோவை உரிக்காதீர்கள். முகம் கண்ணாடியோடு வந்துவிடும். ஜன்னலோரம் சாய்த்து வைத்து, கண்ணாடியில் எதிரொளி விழாத கோணத்தில், ஒட்டியபடியே படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பாத்திரமும் துணியும்

களிம்புக்குப் புளியும் உப்பும் என்பது எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம். இங்கே உப்பை விட்டுவிட்டுப் புளியும் சாம்பலுமாகத் தேய்ப்பது நல்லது. உப்பு மிச்சம் தங்கினால் ஒரே மாதத்தில் அதே இடத்தில் பச்சை பூக்கும். இரண்டு முறை கழுவி, மூன்றாவது நல்ல தண்ணியில், உடனே துடைத்து வெயிலில் கவிழ்க்க வேண்டும். உள்ளே வெள்ளீயப் பூச்சு தேய்ந்த பித்தளையில் புளிக்குழம்பும் ரசமும் வைக்கக் கூடாது, செம்பு இறங்கும். வெள்ளீயம் பூச ஆள் கிடைத்தால் பூசுங்கள், இல்லாவிட்டால் அரிசி அளக்க மட்டும். கீழக்கரை வீடுகளில், விருந்தில் பல பேர் சேர்ந்து சாப்பிடுகிற பெரிய சஹன் தட்டுகள் அடுக்கடுக்காக இருக்கும். ஒன்றுக்குள் ஒன்று நேராகச் செருகினால் நடுவில் ஈரம் நின்று வட்டமாகக் கறை படியும், இடையில் பழைய வேட்டித் துண்டு வையுங்கள்.

எடைக்குப் போடுவதென்றால் பித்தளை, வெண்கலம், செம்பு மூன்றையும் வீட்டிலேயே பிரித்து, இரும்புக் கைப்பிடியையும் ஆணியையும் கழற்றி, காந்தம் வைத்துப் பார்த்து, வீட்டுத் தராசில் நிறுத்து எழுதி வையுங்கள். கலந்து கொடுத்தால் எல்லாமே மட்டமானதன் விலைக்குப் போகும். பேரீச்சம்பழத்துக்குப் போட்ட காலத்திலேயே வியாபாரி கண்ணால் பிரித்துத்தான் வைத்திருந்தான், நாம்தான் பழத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பட்டுச்சேலைக்குக் கஞ்சி போடாமல் துவைத்த வெள்ளை வேட்டி உறை. கஞ்சியும் சர்க்கரையும் ராமபாணத்துக்குத் தீனி. பாலித்தீன் உறை ஈரத்தைப் பிடிக்கும், கம்பி ஹேங்கர் துருக்கறை போடும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை மடிப்பை மாற்றுங்கள், ஒரே மடிப்பில் கிடந்தால் சரிகை அங்கேயே ஒடியும். பாச்சை உருண்டையைத் துணியில் முடிந்து மூலையில் வையுங்கள், சேலையில் படக் கூடாது. அதோடு கற்பூரத்தையும் சேர்த்துப் போடுகிறவர்கள் உண்டு. இரண்டும் தொட்டால் உருகி எண்ணெயாக ஓடிக் கறையாக்கும். இன்னொன்று, பாச்சை உருண்டை கிடந்த பெட்டியிலிருந்து எடுத்த துணியைப் பச்சைப்பிள்ளைக்கு அப்படியே போடாதீர்கள். ஜி6பிடி என்ற நொதிக் குறைவு உள்ள குழந்தைக்கு அந்த நெடியே ரத்த அணுக்களை உடைத்து மஞ்சள் காமாலையில் கொண்டுவிடும். பிள்ளைத்துணிப் பெட்டியில் வேப்பிலையும் வசம்பும் மட்டும் போதும்.

திண்ணையும் அடுப்படியும்

மீன்பிடி வீடுகளில் ஆபத்தான மூலை திண்ணை. பைபர் வள்ளத்துக்கு ஒட்டுப்போட்டது போக மிஞ்சிய ரெசின், அதை இறுக வைக்கிற ஹார்ட்னர், இறுகுவதை வேகப்படுத்துகிற கோபால்ட் எல்லாம் ஒரே வாளியில் கிடக்கும். ஹார்ட்னரும் கோபால்ட்டும் நேராகக் கலந்தால் வெடிக்கும். டப்பா ஒழுகுகிறதா என்று பார்த்து, இரண்டையும் தனித்தனி இடத்தில், வெயிலும் டீசல் கேனும் இல்லாத பக்கம், முடிந்தால் வேலை செய்கிற பட்டறைக்கே கொடுத்துவிடுங்கள். வலையிலிருந்து ஈயக்குண்டை அறுத்தெடுத்துத் தனி டப்பாவில். அந்தக் கையோடு சோறு அள்ளக் கூடாது, பிள்ளைகள் விளையாடவும் கூடாது. கந்தல் வலையைக் கடலில் விடுவதற்குப் பதிலாக நைலான், கயிறு, மிதவை என்று பிரித்துப் போட்டால் கடைக்காரர் எடுத்துக்கொள்வார். கடலில் விட்டது மன்னார் வளைகுடாத் தீவுகளின் பவளத்தில் சிக்கி ஆமையையும் மீனையும் பல வருஷம் பிடித்துக்கொண்டே இருக்கும்.

பழைய கண்ணாடி அலமாரியில் பவளப்பாறைத் துண்டு, காய்ந்த கடல்குதிரை, கடல் அட்டை இருந்தால் அவற்றை விற்கவும் கூடாது, வெளியூர் விருந்தாளிக்குப் பரிசாகக் கொடுத்தனுப்பவும் கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் இவை 2001-ல் சேர்க்கப்பட்டவை. வனத்துறையிடம் சொல்லி ஒப்படைப்பதே வழி.

அடுப்படியில் பெரிய கதை இல்லை. கருவாடும் முண்டு மிளகாயும் ஒரே அறையில் வேண்டாம். கருவாட்டு உப்பு இழுக்கிற ஈரத்தில் மிளகாய் பூசணம் பிடிக்கும். கருவாடு ஓலைப்பெட்டியில் தொங்கட்டும், தகர டப்பா ஓட்டை விழும். வருஷத்துக்கு வாங்குகிற மிளகாயைக் காம்பு கிள்ளாமல், குலுக்கினால் விதை சலசலக்கிற வரை காயவைத்து, பலகை மேல். ஓட்டைக் குடம் எத்தனை இருந்தாலும் வீட்டார் விடமாட்டார்கள், தண்ணிக்கு நின்று பழகிய ஊர். வெடித்ததையாவது கழித்துவிடுங்கள்.

பெட்டி வாங்குவது கடைசி வேலை. முதலிலேயே வாங்கினால் பெட்டிக்கு ஏற்றபடி சாமான் நிற்கும். உள்ளே தெரிகிற பிளாஸ்டிக், 25 லிட்டருக்கு மேல் வேண்டாம், மூடியில் ரப்பர் வளையம் இருக்க வேண்டும். ஒரு பெட்டிக்கு சிலிக்கா ஜெல் 100 கிராம் துணிப்பையில் என்பது கைக்கணக்கு. ஆரஞ்சு நிறம் பச்சையானால் கனமான வாணலியில் சிறு தீயில் வறுத்தால் பழைய நிறம் வரும். நீல நிறத்தது உடம்புக்கு ஆகாத கோபால்ட் உப்பு கலந்தது, வாங்க வேண்டாம். கிண்ணத்தில் கல்லுப்பு வைத்தால் ஈரம் எடுக்கும் என்று ஒரு யோசனை சுற்றுகிறது. இந்த ஊரில் அந்தக் கிண்ணம் பத்து நாளில் தண்ணியாகிப் பெட்டிக்குள் கவிழும்.

பீரோக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டி, பெட்டி எண், உள்ளே இருப்பது, கடைசியாகப் பிரித்த தேதி என்று மூன்று கட்டம் போட்டு எழுதுங்கள். பென்சிலால். பேனா மை இந்தக் காற்றில் இரண்டு கார்த்திகை தாங்காது. அடுத்த பங்குனியில் அந்தத் தாளைப் பார்த்து, இரண்டு வருஷமாகத் தேதி மாறாத பெட்டி எதுவோ அதை முதலில் முற்றத்துக்குக் கொண்டுவாருங்கள்.